அம்மாவின் அறை ஏன் சூடாகவில்லை: பேஸ்போர்டு ஹீட்டரைச் சுற்றி எவ்வளவு இடம் விடுவது

அம்மா எங்களோடு வந்து தங்கிய முதல் குளிர்காலத்தில் வீட்டில் தினமும் ஒரே பேச்சுதான். "ஹீட்டர் ஓடுதுங்கிறே, எனக்கு ரெண்டு காலும் சில்லுன்னு இருக்கேடி" என்பார். அவர் அறையில் ஜன்னலுக்குக் கீழே 6 அடி நீளத்துக்கு மின்சார பேஸ்போர்டு ஹீட்டர், அதாவது சுவரின் அடியில் தரையோரமாக நீளவாக்கில் பொருத்தும் ஹீட்டர், இருந்தது. 1,500 வாட். அந்தச் சின்ன அறைக்கு அது தாராளம். நானும் அறைச் சூடு எவ்வளவு வேண்டும் என்று வைக்கும் தெர்மோஸ்டாட்டை 20 டிகிரியிலிருந்து 22, அப்புறம் 24 என்று ஏற்றிக்கொண்டே போனேன். பார்க்க வந்த ஒருவர், இந்த ஹீட்டர் போதாது, பெரிதாக மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாற்றுவதற்கு முன் நாமே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மின்பெட்டியில் ஹீட்டருக்கான பிரேக்கரை அணைத்துவிட்டு, தரையில் படுத்து டார்ச் அடித்தேன். தரை குளிருமே என்று அம்மாவுக்காக வாங்கிப் போட்ட தடித்த கார்பெட்டின் விளிம்பு, ஹீட்டரின் அடிப்பிளவுக்குள் மடங்கி உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் வரட்டும் என்று ஜன்னலோரமாகப் போட்ட கட்டில் ஹீட்டரிலிருந்து நான்கு விரல் தூரத்தில் நின்றது. கட்டில் விரிப்பு தரைவரை தொங்கியது. ஜன்னல் திரையின் கீழ்ப்பகுதி ஹீட்டரின் தலைமீதே படிந்து கிடந்தது. அம்மா சுகமாக இருக்கட்டும் என்று செய்த ஒவ்வொன்றும் ஹீட்டரின் மூச்சை அடைத்துக்கொண்டிருந்தது.

விரிப்பின் ஓரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு சாண் நீளத்துக்குத் துணி வெளிர்பழுப்பாகி, விறைத்துப் போயிருந்தது. இரண்டு விரலால் மடித்தால் சருகு மாதிரி நொறுங்கியது. அதன் பக்கத்தில்தான் அம்மா தலைவைத்துப் படுத்திருந்தார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கீழே ஒரு வாய், மேலே ஒரு வாய்

பேஸ்போர்டு ஹீட்டரில் பொதுவாக விசிறி கிடையாது. காற்றைத் தள்ள எதுவும் இல்லை. அடியில் உள்ள பிளவு வழியாகத் தரையோரத்துக் குளிர்ந்த காற்று உள்ளே போகிறது. உள்ளே சூடாகும் கம்பியில் வரிசையாகக் கோத்த மெல்லிய அலுமினியத் தகடுகள் இருக்கும். அவற்றைத் தொட்ட காற்று சூடாகி, லேசாகி, மேல்பிளவு வழியாக எழும்புகிறது. அது எழும்பிப் போவதால்தான் அடியில் அடுத்த காற்று இழுபடுகிறது. ஆக, இரண்டு வாயும் திறந்திருக்க வேண்டும். ஒன்றை அடைத்தால் மற்றொன்றும் வேலை செய்யாது.

மேல்வாயை அடைத்தால் கண்ணில் படும். திரை விழுந்து கிடந்தால் யாராவது எடுத்துவிடுவார்கள். கீழ்வாய்தான் யாருக்கும் தெரியாமல் அடைபடுகிறது. குனிந்து பார்த்தால்தான் தெரியும், அதற்கு யாரும் குனிவதில்லை. நான் பார்த்த வீடுகளில் "இந்த அறை மட்டும் சூடாகவே மாட்டேங்குது" என்று சொன்ன இடத்திலெல்லாம் முதலில் தரையோரத்தைத்தான் பார்த்தேன். பாதிக்கு மேல் அங்கேதான் விஷயம் இருந்தது.

அடைபட்டால் என்ன ஆகும்? மின்சார ஹீட்டர்களில் நீளவாக்கில் மெல்லிய குழாய் வடிவில் ஒரு பாதுகாப்புச் சாதனம் ஓடும். அதன் எந்தப் பகுதியில் அளவுக்கு மீறிச் சூடு ஏறினாலும் ஹீட்டரை அது அணைத்துவிடும். பெரும்பாலான மாடல்களில் ஆறியதும் தானாகவே மறுபடி இணைத்துவிடும். அம்மா அறையில் சில நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்ட "டிக்" சத்தம் அதுதான். தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஹீட்டர் மூச்சுமுட்டி அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. 1,500 வாட் ஹீட்டர் பாதி நேரம் அணைந்தே கிடந்தால் அறை எப்படிச் சூடாகும்?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹீட்டர் சூடேறும்போதும் ஆறும்போதும் உலோகம் விரிந்து சுருங்குவதால் டக் டக்கென்று சத்தம் வருவது சகஜம். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தெர்மோஸ்டாட்டில் வைத்த அளவுக்கு அறை இன்னும் வராதபோதே ஹீட்டர் ஆறிப்போய்க் கிடந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பாதுகாப்புச் சாதனம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் கூடாது. அது கடைசித் தடுப்பு. தினமும் நூறு தடவை அதை வேலை வாங்கினால் அதுவும் தேய்ந்துபோகும்.

தெர்மோஸ்டாட் ஹீட்டரிலேயே பொருத்தியதாக இருந்தால் இன்னொரு சிக்கல். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே சூடு தேங்கி நிற்கும். தெர்மோஸ்டாட் அந்தச் சந்தின் சூட்டைப் பார்த்து, அறை சூடாகிவிட்டது என்று ஹீட்டரை அணைத்துவிடும். அறை நடுவில் உட்கார்ந்திருப்பவர் ஸ்வெட்டரோடு நடுங்குவார். தேங்கிய சூடோ வெளிச்சுவர் வழியாகவும் கண்ணாடி வழியாகவும் வெளியே போய்விடும்.

எவ்வளவு இடம்?

முதலில் உங்கள் ஹீட்டரோடு வந்த கையேட்டைப் பாருங்கள். தொலைந்திருந்தால் ஹீட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை வைத்து இணையத்தில் தேடினால் கிடைக்கும். மாடலுக்கு மாடல் அளவு மாறும். அதில் சொன்னதைவிடக் குறைவாக ஒருபோதும் விடாதீர்கள். முன்பக்கம் 6 அங்குலம் போதும் என்று சொல்லும் கையேடும் உண்டு, 12 அங்குலம் கேட்கும் கையேடும் உண்டு. நான் எங்கள் வீட்டில் எல்லா ஹீட்டருக்கும் வைத்திருக்கும் கணக்கு இது: முன்னால் 30 செ.மீ., அதாவது 12 அங்குலம். திரையின் கீழ்விளிம்புக்கும் ஹீட்டரின் தலைக்கும் நடுவே 15 செ.மீ. இரண்டு பக்கவாட்டிலும் 15 செ.மீ. அடியில் கட்டைவிரல் தடிமன், சுமார் 2 செ.மீ. உங்கள் கையேடு இதைவிட அதிகம் கேட்டால் அதையே வையுங்கள்.

அடியைப் பற்றி ஒரு வார்த்தை. சில மாடல்களைத் தரைமீதே உட்கார வைக்கலாம், அவற்றில் காற்று நுழையும் பிளவு முன்முகத்தில் கீழே இருக்கும். அதனால் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதைவிட, காற்று நுழையும் பிளவு முழு நீளத்துக்கும் திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சொருகி வைக்கிற போர்ட்டபிள் ஹீட்டருக்கு 3 அடி தள்ளி வையுங்கள் என்று தீயணைப்புத் துறையினர் சொல்வார்கள். சுவரில் பொருத்திய பேஸ்போர்டுக்கு அவ்வளவு தேவைப்படாது. ஆனால் பழைய செய்தித்தாள் கட்டு, பஞ்சு மெத்தை, சலவைக்குப் போடக் காத்திருக்கும் துணிமூட்டை மாதிரி சட்டென்று பற்றும் பொருளுக்கு நான் அந்த 3 அடியையே கடைப்பிடிக்கிறேன். அவை ஒரே இடத்தில் நிற்பதில்லை, சரிந்து விழும்.

அளப்பதற்கு டேப் தேட வேண்டாம். கெட்டி அட்டையில் 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். நீளப்பக்கத்தை ஹீட்டர் முகத்துக்கும் சோபாவுக்கும் நடுவே பிடியுங்கள். அகலப்பக்கத்தை ஹீட்டர் தலைக்கும் திரைக்கும் நடுவே பிடியுங்கள். ஒரே அட்டையில் எல்லாம் முடிந்துவிடும். ஒரு இடத்தில் மட்டும் பார்த்து நிறுத்தாமல் ஹீட்டரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்திப் பாருங்கள். ஒரு மூலையில் இரண்டு சாண் அடைபட்டிருந்தாலும் அந்தப் பாதுகாப்புச் சாதனம் முழு ஹீட்டரையும் அணைத்துவிடும்.

வேலையைத் தொடங்கும் முன்

தெர்மோஸ்டாட்டைக் குறைத்தால் மட்டும் போதாது, பிரேக்கரை அணைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் ஆறட்டும். உள்ளே உள்ள தகடுகள் பிளேடு மாதிரி இருக்கும், வெறும் விரலை விடாதீர்கள்.

திரைச்சீலை

இதற்குத்தான் எல்லோரும் மனம் வராமல் தயங்குகிறார்கள். தரைவரை விழும் திரை அழகுதான், நானும் ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன். ஆனால் ஹீட்டர் ஜன்னலுக்குக் கீழே இருப்பதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த கண்ணாடியை ஒட்டிக் காற்று கனத்துக் கீழே சரியும். அதை எதிர்கொண்டு மேலே தள்ளத்தான் ஹீட்டரை அங்கே வைக்கிறார்கள். நீளமான திரை ஹீட்டரை மூடி முன்னால் விழுந்தால், வெப்பம் முழுக்கத் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஏறிப்போகும். கண்ணாடி சூடாகும், நமக்கு ஒன்றும் கிடைக்காது. துணி கருகும் ஆபத்து அதற்குமேல்.

ஜன்னல் விளிம்போடு நின்றுவிடும் திரை நல்லது. சட்டத்துக்கு உள்ளேயே அடங்கும் மடிப்புத் திரையோ சுருள் திரையோ அதைவிட நல்லது. புதிதாக வாங்க வழியில்லை என்றால், இருக்கும் திரையையே மடித்துத் தைத்துவிடலாம். நான் ஹீட்டர் தலையிலிருந்து 15 செ.மீ. அளந்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, திரையை அந்த உயரத்துக்கு மடித்துக் கையாலேயே தையல் போட்டேன். ஒரு சாயங்காலத்து வேலை. மடிப்பைக் குண்டூசியில் நிறுத்தாதீர்கள், கழன்று விழும்.

திரையைத் திறந்து ஓரமாக ஒதுக்கும்போது அது கொத்தாகச் சேர்ந்து ஹீட்டரின் இரு முனைகளுக்கும் மேலே தொங்கும். மூடியிருக்கும்போது சரியாக இருந்த அளவு திறந்தபின் சரியாக இருக்காது. இரண்டு நிலையிலும் அட்டையை வைத்துப் பாருங்கள். ஜன்னலைத் திறந்தால் காற்றில் திரை உள்ளே பறக்கும். அதைப் பிடித்துக் கட்ட ஒரு கொக்கி அடித்துவிடுங்கள்.

கட்டில், சோபா, அலமாரி

அம்மாவின் கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது என்று இரண்டு நாள் வருத்தப்பட்டார். ஜன்னலோரம் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, அதையும் அட்டை வைத்து அளந்து நிறுத்தினேன். கட்டிலை மாற்ற இடமே இல்லாத அறை என்றால், 30 செ.மீ. தள்ளிப் போட்டு, விரிப்பை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். தூக்கத்தில் போர்வை சரியும் பக்கம் ஹீட்டர் பக்கமாக இருக்கக் கூடாது. குழந்தை படுக்கும் தொட்டிலை ஹீட்டர் இருக்கும் சுவருக்கே கொண்டுபோகாதீர்கள்.

சோபா விஷயத்தில் எத்தனை செ.மீ. என்பதோடு கால் இருக்கிறதா என்பதும் முக்கியம். காலுள்ள சோபாவின் அடியில் காற்று தரையோரமாகப் புகுந்து ஹீட்டரின் கீழ்வாய்க்குப் போக வழி இருக்கும். தரையோடு ஒட்டிய சோபா ஒரு அணை மாதிரி நிற்கும். அதற்கு 30 செ.மீ. கூட சில அறைகளில் போதாமல் போகும், முடிந்தால் இன்னும் தள்ளுங்கள். இடம் வீணாகிறதே என்று தோன்றும். 2 மீட்டர் சோபாவை 30 செ.மீ. முன்னால் இழுத்தால் போவது அரை சதுர மீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அந்தச் சந்து சும்மாதானே இருக்கிறது என்று அதில் பெட்டியோ மடக்கு நாற்காலியோ செருகிவிடாதீர்கள். தள்ளி வைத்ததற்கு அர்த்தமில்லாமல் போய்விடும்.

ஆளுயர அலமாரியை ஹீட்டருக்கு முன்னால் வைக்கவே வேண்டாம். வேறு வழியே இல்லாத அறையில், வேறொரு ஹீட்டர் அந்த அறையைச் சமாளிக்கும் என்றால், அடைபட்டதைப் பிரேக்கரில் அணைத்து வைப்பது நல்லது. பல வீடுகளில் ஒரே பிரேக்கரில் இரண்டு மூன்று ஹீட்டர்கள் இருக்கும், எது எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அணையுங்கள். உங்கள் பேஸ்போர்டு மின்சாரத்தில் சூடாகாமல், உள்ளே குழாயில் வெந்நீர் ஓடிச் சூடாகும் வகையாக இருந்தால் இந்த யோசனை வேண்டாம். கடுங்குளிரில் ஓட்டம் நின்ற குழாயில் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கக்கூடும்.

தரையும் வயர்களும்

கார்பெட்டை ஹீட்டரின் முகத்திலிருந்து 5 செ.மீ. பின்னால் நிற்கும்படி கத்தியால் வெட்டி, விளிம்பு பிரியாமல் பட்டை ஒட்டினேன். அந்த ஒரு வேலைக்கே அன்று ராத்திரி அறையில் வித்தியாசம் தெரிந்தது. பழைய தரைமேல் புதிய பலகைத் தரை போட்ட வீடுகளில் தரை ஓரிரண்டு செ.மீ. உயர்ந்து, ஹீட்டரின் அடிப்பிளவு பாதியாகியிருக்கும். அங்கே வெட்ட ஒன்றும் இல்லை. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஹீட்டரை உயர்த்திப் பொருத்தச் சொல்ல வேண்டும்.

ஹீட்டருக்கு நேர் மேலே பிளக் பாயிண்ட் இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். அதிலிருந்து தொங்கும் வயர் ஹீட்டரின் தலையில்தான் படுக்கும், மேலுறை இளகிவிடும். அம்மாவின் போன் சார்ஜர் அப்படித்தான் கிடந்தது, வயரில் ஒரு இடம் தட்டையாக நசுங்கிப் பளபளத்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு எதிர்ச்சுவரில் சார்ஜ் போட வைத்தேன்.

ஈரத்துணியை ஹீட்டர்மேல் காயப்போடுவது, அழகுக்காக மரப்பெட்டி செய்து ஹீட்டரை மூடுவது, இரண்டும் வேண்டாம். தயாரிப்பாளரே தரும் மூடி என்றால் அது வேறு விஷயம்.

உள்ளே சுத்தம்

வெளியே இடம் விட்டு, உள்ளே தூசி அடைத்திருந்தால் பயனில்லை. முன்தகட்டைக் கழற்ற முடிகிற மாடல் என்றால் கழற்றிவிட்டு, வாக்குவம் கிளீனரில் மெல்லிய தூரிகை முனையைப் பொருத்தி, தகடுகளின் போக்கிலேயே மேலும் கீழுமாக இழுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கும். அம்மா அறை ஹீட்டரிலிருந்து கம்பளித்துண்டு மாதிரி ஒரே படலமாகச் சாம்பல் நிறத் தூசி உரிந்து வந்தது. அதோடு இரண்டு ஹேர்பின், ஒரு பொத்தான், சின்னவளின் பாதி உருகிய சிவப்பு கிரேயான். மடங்கிய தகடுகளை மூக்கு நீண்ட குறடால் ஒவ்வொன்றாக மெதுவாக நிமிர்த்தலாம். நிறைய மடங்கியிருந்தால் பொறுமை வேண்டும், ஆனால் செய்யத் தகுந்த வேலை. தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நடுவே காற்று போகாது.

வெந்நீர் ஓடும் பேஸ்போர்டில் மேல்புறம் நீளமான ஒரு மூடித்தகடு இருக்கும். திறக்கவும் மூடவும் முடியும். பல வருஷமாக மூடியே கிடந்ததைத் திறந்துவிட்டு, ஹீட்டர் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்ட வீடு எனக்குத் தெரியும். இந்த வகை மின்சார வகை அளவுக்குக் கொதிக்காது, ஆனாலும் காற்றுக்கணக்கு ஒன்றேதான்.

காகிதத் துண்டு

எல்லாம் முடித்தபின் பிரேக்கரைப் போட்டு, ஹீட்டரைக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். டிஷ்யூ காகிதத்தில் விரல் அகலம், ஒரு சாண் நீளத்துக்கு ஒரு துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஹீட்டரின் மேல்பிளவுக்கு ஒரு சாண் உயரத்தில் காட்டுங்கள். காகிதம் ஹீட்டரைத் தொட வேண்டாம், ஒட்டி வைத்துவிட்டுப் போகவும் வேண்டாம். காற்று சரியாக எழும்பினால் நுனி மேல்நோக்கிப் படபடக்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நகர்த்துங்கள். எங்கே காகிதம் தொங்கிவிடுகிறதோ அங்கே கீழேயோ உள்ளேயோ அடைப்பு இருக்கிறது. பிறகு அதே துண்டை அடிப்பிளவுக்கு முன்னால், கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். நுனி லேசாக ஹீட்டர் பக்கம் சாயும். இந்தச் சாய்வு மிக மெல்லியது. அறைக்கதவை மூடிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தால்தான் தெரியும். முதல் தடவை அந்த நுனி உள்நோக்கிச் சாய்ந்ததைப் பார்த்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

குளிர்காலத்தில் முதல்முறை போடும்போது தூசி கருகும் வாசனை கொஞ்ச நேரம் வரும். ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்து, பக்கத்திலேயே இருங்கள். வாசனை அடங்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, பிளாஸ்டிக் எரிகிற நெடி வந்தாலோ, ஹீட்டருக்கு மேலே சுவரின் பெயின்ட் கொப்பளித்தாலோ, பிரேக்கர் அடிக்கடி விழுந்தாலோ இடம் விடுவதால் அது தீராது. அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். எல்லா இடமும் விட்ட பிறகும் ஹீட்டர் இடையிடையே ஆறிப்போய்க் கிடந்தாலும் அப்படியே.

இடம் விட்டது ஒரு மாதம்கூட நிற்காது, பொருட்கள் தானாக நகர்ந்து வந்துவிடும். பெருக்கும்போது நாற்காலி ஒரு சாண் பின்னால் போகும், பள்ளிப்பை அங்கே சாய்த்து வைக்கப்படும். அதனால் ஒவ்வொரு ஹீட்டருக்கு முன்னாலும் 30 செ.மீ. அளந்து, தரையில் பேப்பர் டேப் ஒட்டியிருக்கிறேன். அந்தக் கோட்டுக்குள் எதுவும் வரக் கூடாது என்பது சின்னவளுக்குக்கூடத் தெரியும். அட்டைத்துண்டு அம்மா அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. விரிப்பு மாற்றும் நாளில் அவரே எடுத்து அளந்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிறார். தெர்மோஸ்டாட் இப்போது 21-இல் நிற்கிறது.